மந்திரத்துக்கும் கணக்கு உண்டு: ஃபேன்டசித் தொடர்கள் பற்றி எங்கள் வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் என் வீட்டு முன்னறையில் ஒரு புத்தக அலுமாரி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, வாசித்ததைப் பற்றிக் கதைப்போம். மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. ‘மேஜிக் சிஸ்டம் நல்லா இருக்கிற தொடர் ஒன்று சொல்லுங்கோ’ என்பதுதான் அங்கே அதிகம் வரும் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேஜிக் சிஸ்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு கதையில் மந்திரம் யாருக்குக் கைவரும், எப்படி வேலை செய்யும், எங்கே நின்றுபோகும், அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் அது. தமிழில் மந்திர முறை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் குளத்தை நம்பிப் பயிர் செய்கிற சனம். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது. அதனால்தான் அந்தக் கூட்டத்தில் அவ்வளவு வாக்குவாதம். நல்ல மந்திர முறையும் இப்படித்தான் கதையை நகர்த்துகிறது. சக்தி இவ்வளவுதான் இருக்கிறது, அது யாருடைய பக்கம் பாயப்போகிறது? ஒரு தொடரை எடுத்தவுடன் நான் முதலில் தேடுவது இந்த மந்திரத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான்.

எல்லா மந்திரத்துக்கும் விதி சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. பிரான்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007இல் ஒரு கட்டுரையில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். கதையில் வரும் சிக்கலை மந்திரத்தால் தீர்க்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் வாசகருக்கு முன்பே நன்றாக விளங்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். வியப்பூட்டுவது மட்டும் நோக்கம் என்றால் விதி சொல்லத் தேவையில்லை. அதே மனிதர் பிறகு இன்னொன்றும் சொன்னார்: ஒரு பாத்திரத்தால் என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது என்பதே சுவையானது. என் வாசிப்பில் இந்த இரண்டாவதுதான் அதிகம் உண்மையாக இருந்திருக்கிறது.

நான் இந்த வகையில் ஒன்றுமே வாசித்ததில்லை. எதில் தொடங்க?

சாண்டர்சனின் ‘வார்பிரேக்கர்’. 2009இல் வந்த தனி நாவல், தொடர் அல்ல. முழு நாவலையும் அவர் தன் இணையத்தளத்தில் இலவசமாகவே தருகிறார். கையில் போன் இருந்தால் போதும்.

அந்த உலகத்தில் ஒவ்வொருவரும் ஒரு மூச்சோடு பிறக்கிறார்கள். அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் சாவதில்லை, ஆனால் அவருக்கு உலகம் மங்கிப் போகும். நிறைய மூச்சுச் சேர்த்தவர் நிறங்களை மற்றவர்களைவிட நுட்பமாகப் பார்ப்பார், ஒரு கயிற்றுக்கோ துணிக்கோ மூச்சைக் கொடுத்துக் கட்டளையிட்டு வேலை வாங்குவார். அப்படியென்றால் என்ன நடக்கும்? ஏழைகள் மூச்சை விற்பார்கள். பிள்ளையின் மூச்சை விற்கிற வீடுகளும் வரும். நுண்கடன் தவணைக்காகக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்களை நாங்கள் அறிவோம், அதனால் இந்த இடம் எங்களுக்கு விளக்கமில்லாமலே விளங்குகிறது. மந்திரம் என்ற ஒன்றை வைத்து ஒரு சந்தையையே கட்டிக் காட்டியிருக்கிறார்.

அது பிடித்தால் ‘மிஸ்ட்போர்ன்’ முதல் மூன்று நூல்கள் (2006, 2007, 2008). வானத்திலிருந்து சாம்பல் கொட்டும் நாடு, ஆயிரம் வருடமாகச் சாகாத பேரரசன், அவனைக் கவிழ்க்கத் திட்டமிடும் ஒரு திருட்டுக் கூட்டம். உலோகத் துகளை விழுங்கி அதை வயிற்றில் ‘எரித்தால்’ சக்தி வரும். தகரம் புலன்களைக் கூர்மையாக்கும். இரும்பு, அருகிலுள்ள உலோகத்தைத் தன் பக்கம் இழுக்கும். உருக்கு அதைத் தள்ளும். இதில் நிறைக்கும் கணக்கு உண்டு. ஒரு நாணயத்தைத் தள்ளினால் நாணயம் பறக்கும். அதே நாணயம் நிலத்தில் படிந்து கிடந்தால் தள்ளியவர்தான் மேலே பறப்பார். சாதாரண தர வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதி படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். சண்டை நடுவே உலோகம் தீர்ந்துபோனால் சக்தியும் தீர்ந்தது. வாசிக்கும்போது கதாநாயகி வின்னிடம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நாங்களும் எண்ணிக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டுவோம்.

என் ஆங்கிலம் அவ்வளவு நல்லதில்லை. சமாளிக்க ஏலுமா?

ஏலும். சாண்டர்சனின் மொழி நேரானது, சுற்றி வளைக்காது. முதல் ஐம்பது பக்கம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் உலகமே புதிது. இங்கே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அந்தப் பக்கங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் எடுக்க வேண்டாம். ஒரே சொல் மூன்றாம் தடவை வந்தால் மட்டும் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி உயர்தரம் முடித்துப் பெறுபேறு வரும்வரை இருந்த மாதங்களில் இப்படியே மூன்று நூல்களையும் முடித்தான்.

மிஸ்ட்போர்ன் எல்லாம் எப்போதோ முடித்துவிட்டேன். பழக்கமில்லாத ஒன்று சொல்லுங்கள்.

இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘ஃபவுண்டரிசைட்’ (2018). இதைத் தொடர்ந்து 2020இலும் 2022இலும் இரண்டு நூல்கள் வந்து கதை முடிந்துவிட்டது. இதில் மந்திரம் என்பது பொருட்களை நம்ப வைப்பது. ஒரு வண்டிச் சில்லில் குறிகளைப் பொறித்து, நீ இப்போது பள்ளத்தில் இறங்குகிறாய் என்று அதற்குச் சொன்னால், மட்டமான தெருவிலும் அது தானாக உருளும். ஆனால் அந்தக் குறிகளுக்கெல்லாம் பொருள் சொல்லி வைத்திருக்கும் பெரிய இயந்திரம் ஒன்று அருகில் இருக்க வேண்டும். தள்ளிப்போனால் சில்லு வெறும் சில்லுதான். அந்த இயந்திரங்களை வைத்திருப்பவை நான்கு வணிகக் குடும்பங்கள். ஆகவே நகரமே அவர்களுடையது, மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் சேற்றில். கணினி நிரல் எழுதப் பழகுகிற பிள்ளைகள் இதை விழுந்து விழுந்து வாசிக்கிறார்கள். ஒரு பூட்டோடு வாதாடி அதைத் திறக்க வைக்கும் ஒரு சாவி வருகிறது. அந்த உரையாடல்களை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன்.

இரண்டாவது, கார்த் நிக்ஸ் எழுதிய ‘சாப்ரியல்’ (1995). சிறுவருக்கான அடுக்கில் வைப்பார்கள், ஆனால் வளர்ந்தவர்கள்தான் இதை அதிகம் உணர்ந்து வாசிக்கிறார்கள். சாவு என்பது இங்கே ஒரு ஆறு. ஒன்பது வாசல்களைக் கடந்து அது ஓடுகிறது. இறந்தவர்கள் திரும்பி வரப் பார்ப்பார்கள். அவர்களைத் திரும்பவும் துயிலச் செய்வது ஒரு குடும்பத்தின் கடமை. கையில் ஏழு மணிகள். மிகச் சிறிய மணி தூங்க வைக்கும். அடுத்தது எழுப்பும். இன்னொன்று நடக்க வைக்கும், கவனமில்லாமல் அடித்தால் அடித்தவரையே நடத்திக்கொண்டு போகும். ஏழாவது மணி, அழுகிறவள் என்று பெயர், கேட்கும் எல்லோரையும் சாவுக்குள் ஆழமாக அனுப்பும், அடிப்பவரையும் சேர்த்து. மணியை எந்தக் கையால் எப்படிப் பிடிப்பது, அதன் நாக்கை எப்படி அடக்குவது என்பதெல்லாம் கதையில் வரும். இறந்தவர்களை மரியாதையோடு அனுப்பிவைப்பது ஒரு வேலை, அதை ஒருவர் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அந்தப் புத்தகம் முழுவதும் இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஃபொண்டா லீயின் ‘ஜேட் சிட்டி’ தொடரும் (2017, 2019, 2021) நல்லது. பச்சைக்கல் அணிந்தால் வலிமை வரும், அந்தக் கல் ஒரே ஒரு தீவில்தான் கிடைக்கும், அதைக் கட்டுப்படுத்தும் குடும்பங்களுக்குள் பகை. மந்திரத்தைவிட அண்ணன் தம்பி தங்கை உறவுதான் அதில் கனம். வெடிமருந்தை முகர்ந்து சக்தி பெறும் வீரர்களின் கதை வேண்டுமென்றால் பிரையன் மெக்கிளெலன் எழுதிய ‘பவுடர் மேஜ்’ மூன்று நூல்கள் (2013 முதல் 2015 வரை) இருக்கின்றன. விறுவிறுப்பு உண்டு. ஆனால் என்னால் வெடிமருந்தின் மணத்தை ஒரு இன்பமாக வாசிக்க முடியவில்லை, அதனால் அலுமாரியில் வைத்திருக்கிறேனே தவிர நானாக எடுத்துக் கொடுப்பதில்லை.

‘புரோக்கன் எர்த்’ பற்றி நிறையச் சொல்கிறார்கள். போரை அனுபவித்தவர்கள் வாசிக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அக்கா. அவசரமில்லாமல் பதில் சொல்கிறேன்.

என்.கே. ஜெமிசின் எழுதிய இந்த மூன்று நூல்களும் (2015, 2016, 2017) ஒவ்வொன்றும் அடுத்தடுத்த ஆண்டுகளில், அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் கொடுக்கும் ஹியூகோ விருதைப் பெற்றன. ஒரு தொடரின் மூன்று பாகங்களும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதை வென்றது அதுவே முதல்முறை. நிலம் அடிக்கடி பிளக்கும் ஒரு கண்டம். சிலருக்கு நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் பிறப்பிலேயே உண்டு. அதற்கான சக்தியைச் சுற்றியிருக்கும் வெப்பத்திலிருந்து எடுப்பார்கள். கட்டுப்பாடு தவறினால் பக்கத்தில் நிற்கும் ஆளும் உறைந்து இறப்பார். சனத்தைக் காப்பவர்கள் அவர்கள்தான், சனம் வெறுப்பதும் அவர்களைத்தான். பயிற்சி என்ற பெயரில் அவர்களைப் பிடித்து அடக்கி வைக்க ஒரு நிறுவனமே இருக்கிறது. விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற என் கேள்விக்கு இவ்வளவு கடுமையாகப் பதில் சொன்ன மந்திர முறையை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

இனி, தெரிந்துகொண்டு தொடங்க வேண்டியவை. முதல் பக்கங்களிலேயே ஒரு சின்னப் பிள்ளை இறந்து கிடக்கிறான், அவனைக் கொன்றது தகப்பன். தாய் மற்றப் பிள்ளையைத் தேடி வீதியில் நடக்கிறாள். வீதி நிறைய இடம்பெயர்ந்த சனம். ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை கட்டி வைத்திருப்பார்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாளும் வைத்த பையைக் கையில் தூக்கிக்கொண்டு 2009இல் நடந்தவர்களுக்கு அந்தப் பை வரும் வரியில் மூச்சு நின்றுவிடும். எனக்கு நின்றது. புத்தகத்தை மூடி வைத்து இரண்டு மாதம் கழித்துத்தான் திறந்தேன். தாயின் பகுதிகள் ‘நீ’ என்று வாசகரை விளித்தே எழுதப்பட்டிருப்பதால் தூர நின்று பார்க்கவும் விடாது.

அதனால் என் பதில் இது. ஒரு இரவில் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, பகலில், கொஞ்சம் கொஞ்சமாக. நிறுத்த வேண்டும் போலிருந்தால் நிறுத்துங்கள். அந்த அக்கா முதல் நூலை முடித்தார். ‘இதை எழுதினவவுக்கு எங்களைத் தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கிறா’ என்று சொல்லிவிட்டு இரண்டாவதை வாங்கிக்கொண்டு போனார்.

முடியாமல் கிடக்கும் தொடரைத் தொடங்கலாமா?

பேட்ரிக் ராத்ஃபஸின் ‘கிங்கில்லர் குரோனிக்கிள்’ தொடரை மனதில் வைத்துத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். முதல் நூல் 2007, இரண்டாவது 2011, மூன்றாவதற்கு வாசகர்கள் பல வருடமாகக் காத்திருக்கிறார்கள். அதிலுள்ள ‘சிம்பதி’ என்ற முறை மிக நுட்பமானது. இரண்டு பொருளை மனதால் பிணைத்தால் ஒன்றில் செய்வது மற்றதில் நடக்கும், பொருட்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு குறைவாகச் சக்தி வீணாகும். முதல் நூலை மட்டும் வாசித்தாலும் நட்டமில்லை. காத்திருக்க மனமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

‘வீல் ஆஃப் டைம்’ முடிந்துவிட்டது. ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு சாண்டர்சன் கடைசி மூன்று நூல்களை எழுதி 2013இல் முடித்தார். மொத்தம் 14 நூல்கள், அதற்கு முந்தைய கதை ஒன்று தனி. நடுவில் சில பாகங்கள் மிக மெதுவாக நகரும், பொறுமை வேண்டும்.

சாண்டர்சனின் ‘ஸ்டோர்ம்லைட்’ தொடரை எந்த ஒழுங்கில் வாசிப்பது?

வெளிவந்த ஒழுங்கில். 2010 முதல் 2024 வரை ஐந்து நூல்கள், ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கம் அளவில். வார்பிரேக்கரை முன்பே வாசித்திருந்தால், இரண்டாம் நூலின் கடைசியில் வரும் ஒன்று உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதைக் கொடுக்கலாம்?

அர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ (1968). மெல்லிய புத்தகம். ஆடு மேய்க்கும் ஒரு பையன், பெரியம்மா ஆடுகளைக் கூப்பிடும் சொல்லைக் கேட்டுத் தானும் சொல்லிப் பார்க்கிறான், ஆடுகள் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. அங்கே தொடங்குகிறது கதை. எந்தப் பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, அதை அறிந்தவருக்கு அது கட்டுப்படும். ஆனால் ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று மந்திரப் பள்ளியில் எச்சரிக்கிறார்கள். இதை எங்கள் வயல்காரர் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். அட்டைப் படங்களில் அவனை வெள்ளையாக வரைந்தபோது லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஆங்கிலம் இன்னும் பழகவில்லை என்றால் ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூனில் தொடங்குங்கள். 61 பாகம். நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் அசைக்கும் முறைகள் சீனத் தற்காப்புக் கலைகளைப் பார்த்து அமைக்கப்பட்டவை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’, 27 தொகுதிகளில் முடிந்த ஜப்பானியச் சித்திரக்கதை. ஒன்றைப் பெற வேண்டுமானால் சமமான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. செத்த தாயை மீட்கப் பார்த்த இரண்டு சகோதரர்கள் கொடுத்தது என்ன என்பது முதலிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, நாங்கள்தான் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை. விக்கிரமாதித்தனும் வேதாளமும் கதையை எடுங்கள். விடை தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டே விதி, அதிலிருந்து எத்தனை கதைகள்! கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் ஏவலாம். அருச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் ஏவ வேண்டி வருகிறது. எல்லை உள்ள மந்திரம் எப்படிக் கதையைத் திருப்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஆனால் என் மனம் நிற்பது மணிமேகலையில். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள, வானில் செல்ல, பசியைத் தாங்க. பிறகு அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், ஆனால் அதில் முதல் பிச்சை ஆதிரை என்ற கற்புடையவள் இட வேண்டும். அந்தப் பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதையைத் தேடி வாசியுங்கள். நாட்டில் மழை பெய்து பசியே இல்லாமல் போனதும் அவனுடைய பாத்திரத்தைத் தேடி யாரும் வரவில்லை. பசித்தவர் இருக்கும் சாவகத்துக்குக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் குறையாத உணவு. ஆனால் பல உயிரைக் காக்கும் பாத்திரத்தை வைத்துத் தன் உயிரை மட்டும் காப்பதற்கு அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளியே வா என்று சொல்லிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விட்டான். அந்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சொல்வோரும் பலர். ஒரு வாய்க் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு அமுதசுரபி வெறும் கற்பனைப் பாத்திரம் அல்ல.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து தெரிந்த ஒருவருக்கென்றே ஒரு புத்தகம்?

ஆர்.எஃப். குவாங் எழுதிய ‘பேபல்’ (2022). தனி நாவல். வெள்ளிக் கட்டியின் ஒரு பக்கம் ஒரு மொழிச் சொல், மறுபக்கம் இன்னொரு மொழியில் அதற்கு நெருங்கிய சொல். மொழிபெயர்ப்பில் எது தொலைந்து போகிறதோ அதுதான் மந்திரமாக வெளிப்படும். இரண்டு மொழியிலும் சிந்திக்கத் தெரிந்தவர்தான் அதை இயக்க முடியும். ஆகவே பிரித்தானியப் பேரரசு தூர நாடுகளிலிருந்து பிள்ளைகளை ஒக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவந்து படிப்பிக்கிறது. வாசித்த பிறகு நாங்கள் ஒரு ஞாயிறு முழுக்கச் சொற்களைத் தேடினோம். ‘சொந்தம்’ என்று ஒருவர் சொன்னார். சொந்த வீடு என்றாலும் அந்தச் சொல், சொந்தக்காரர் என்றாலும் அதே சொல். ஆங்கிலத்தில் வீட்டுக்கு ஒரு சொல்லும் உறவுக்கு வேறொரு சொல்லும் போட வேண்டும். அந்தக் கட்டியைத் தொட்டால் என்ன நடக்கும் என்று பொழுது படும்வரை கதைத்தோம்.

இதெல்லாம் வாசிப்பதால் சோதனைக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆங்கிலம் கூடும், அது கண்ணால் பார்க்கும் பயன். மற்றதற்கு, மகனிடம் அந்தக் கதையின் மந்திர விதியை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் விளக்கினால் அவன் வீணாகப் பொழுது போக்கவில்லை.

புத்தகங்களை எங்கே வாங்குவது?

புதிது விலை அதிகம். கொழும்புக்குப் போகிறவர்களிடம் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள், பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். செப்டெம்பரில் கொழும்பில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடி கிடைக்கும். தொடராக வாங்கும்போது முதல் நூலை மட்டும் வாங்கிப் பிடித்தால் பிறகு மற்றதை வாங்குங்கள்.

உங்கள் அலுமாரியிலிருந்து இரவல் தருவீர்களா?

தருவேன். ஒரு தடவைக்கு ஒன்று, ஒரு மாதத் தவணை, பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டு எடுக்கலாம். 2009க்கு முன் சேர்த்த புத்தகங்களில் ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை. இப்போது இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை, அதனால் கொஞ்சம் கவனமாக வைத்திருக்கச் சொல்லிக் கேட்கிறேன். ‘சாப்ரியல்’ இப்போது முள்ளியவளையில் ஒருவரிடம் இருக்கிறது, அடுத்ததாக இரண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ‘எர்த்சீ’ கையில் இருக்கிறது. கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் பொலித்தீன் பை ஒன்றும் கொண்டு வாருங்கள்.